ஒரு புருவ அசைவின் விலை

ஹாங்காங்கில் குடியேறிய முதல் வாரம். அடுக்ககத்தின் லிஃப்டில் என்னுடன் நின்றிருந்த நடுத்தர வயதுப் பெண்மணியிடம், "நீங்களும் பதினேழாம் மாடியா?" என்று கேட்டேன். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. இரு புருவங்களையும் ஒருமுறை மேலே உயர்த்திவிட்டுக் கதவைப் பார்த்து நின்றுகொண்டார். இது என்ன அலட்சியம் என்று எனக்குச் சற்றே வருத்தம். சில நாள்கள் கழித்து அவர், "உங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறதா?" என்று என்னிடம் கேட்டார். நம் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் அசைத்தேன். 'வரவில்லை' என்று அதற்குப் பொருள்கொண்டு, அவர் கீழே காவலரிடம் புகார் சொல்லப் போய்விட்டார்.

பிலிப்பின்ஸ் மக்களிடம் புருவத்தை உயர்த்துவது 'ஆம்' என்பதற்கான அடையாளம் என்பதை நானும், தமிழர்களின் தலையசைப்புக்கும் அதுவே பொருள் என்பதை அவரும் அறிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று. இருவரும் நெடுநேரம் சிரித்தோம். எனக்கு அது நண்பர்களிடம் சொல்லி மகிழ்வதற்கான ஒரு கதை. அதே புருவ அசைவுக்காக, வந்த புதிதில் தாம் ஒரு வேலையையே இழந்ததாக அவர் பின்னொரு நாள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எசமானி அதட்டிக் கேட்டபோது அவர் புருவத்தை உயர்த்தினார். வெட்கத்தில் புன்னகையும் செய்தார். திமிர் என்று முடிவாயிற்று.

அயல்நாட்டு வாழ்வின் பண்பாட்டு வியப்புகளைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். அந்த வியப்பு யாருக்குச் சுவையான அனுபவமாக முடிகிறது, யாருக்கு வேலையிழப்பாக முடிகிறது என்பதைப் பண்பாடு தீர்மானிப்பதில்லை. குடியேற்றச் சட்டமே தீர்மானிக்கிறது. ஹாங்காங்கில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்த நான் அந்தப் பெண்மணியின் வாழ்விலிருந்து கற்றுக்கொண்டது இதுவே.

நமக்குப் பழகிய அந்நியம்

பக்கத்து வீட்டில் ஒரு சீனக் குடும்பத்துடன் தங்கிப் பணிபுரிந்தவர் அவர். 2002ஆம் ஆண்டு ஹாங்காங் வந்தவர். அவரை நான் 'ஆத்தே' என்று அழைப்பேன். தகாலொக் மொழியில் 'அக்கா' என்று பொருள். அண்ணனுக்கு 'குயா'. அறிமுகமற்ற கடைக்காரரையும் ஓட்டுநரையும் உறவுமுறை சொல்லி அழைப்பது நம்மைப் போலவே அவர்களுக்கும் இயல்பு. இவ்விரு சொற்களும் ஹொக்கியன் சீனத்திலிருந்து பிலிப்பின்ஸுக்குச் சென்றவை என்பர் மொழியியலாளர்கள். சீன நகரம் ஒன்றில் அவரை அப்படி அழைக்க ஒரு தமிழன் தேவைப்பட்டான் என்பது விந்தைதான்.

விந்தைகள் அத்துடன் நிற்கவில்லை. சந்தித்ததும் அவர் கேட்பது நலமா என்றல்ல, "குமாயின் நா போ கயோ?" என்றுதான். "சாப்பிட்டீர்களா?" என்பதே அதன் பொருள். இடையில் வரும் 'போ' என்பது மரியாதை ஒட்டு. நம் பேச்சில் வரும் 'ங்க' போன்றது. பெரியவர்களின் கையை எடுத்துத் தம் நெற்றியில் ஒற்றி வணங்குவார்கள். மூன்று வேளையும் சோறு இல்லாமல் முடியாது. வாழையிலையில் உணவைப் பரப்பிக் கையால் உண்பதற்கு 'கமாயன்' என்று பெயர். குளியலறையில் 'தாபோ' எனப்படும் குவளை இல்லாவிட்டால் அவர்களுக்குத் திண்டாட்டம். காகிதச் சுருளை மட்டும் கொண்ட ஹாங்காங் கழிப்பறையைக் கண்டு முதல் நாள் நான் திகைத்ததுபோலவே அவரும் திகைத்திருக்கிறார். அவர்களுடைய 'துயோ' நம்முடைய கருவாடேதான். 'குரு' என்பதை அவர்கள் 'குரோ' என்கிறார்கள். மாம்பழத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் 'மங்கா' என்ற சொல், தமிழின் மாங்காயிலிருந்து மலாய் வழியாகச் சென்றது.

எங்கள் இருவருக்கும் ஹாங்காங் ஏறத்தாழ ஒரே விதமாகவே புதிராக இருந்தது. கன்டனீஸ் மொழியில் அன்பாகப் பேசினாலும் எங்கள் காதுக்கு அது சண்டையாகவே கேட்டது. லிஃப்டில் நான்காம், பதினான்காம் மாடிகளுக்குப் பொத்தான்களே இல்லை. கன்டனீஸில் நான்கு என்ற ஒலி சாவு என்ற ஒலியை ஒத்திருப்பதே காரணம். ஏழாம் நிலவு மாதத்தில் நடைபாதையெங்கும் இறந்தோருக்காகக் காகிதப் பணத்தை எரிப்பார்கள். புத்தாண்டில் மணமானவர்கள் மணமாகாதவர்களுக்கும் காவலர்களுக்கும் சிவப்பு உறையில் பணம் தருவார்கள்.

ஆனால், ஒத்த வியப்புகளுக்குக் கிடைத்த இடம் ஒன்றாக இருக்கவில்லை. கருவாட்டு ஆசை வந்தால் நான் சன்னலைச் சாத்திக்கொண்டு வறுப்பேன். அண்டை வீட்டார் முகம் சுளித்தால் மன்னிப்புக் கேட்பேன். அது என் வீடு. அவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் 'துயோ' உண்பது வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. அதுவும் தெருவில்.

தெருவில் விரியும் வீடு

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதிக்குச் செல்பவர்கள் ஓர் அரிய காட்சியைக் காண்பார்கள். வாகனங்களுக்கு மூடப்பட்ட சேட்டர் சாலையிலும், நடைமேம்பாலங்களிலும், கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த எச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்தின் திறந்த அடித்தளத்திலும் ஆயிரக்கணக்கான பிலிப்பின்ஸ் பெண்கள் அட்டைகளை விரித்து அமர்ந்திருப்பார்கள். சமைத்து வந்ததைப் பகிர்ந்து உண்பார்கள், ஒருவருக்கொருவர் நகம் வெட்டி, முடி திருத்திக்கொள்வார்கள், நடனம் பயில்வார்கள், ஊரில் இருக்கும் பிள்ளைகளுடன் காணொளியில் பேசுவார்கள். அருகிலுள்ள வேர்ல்டுவைடு ஹவுஸ் கட்டடத்தில் பணம் அனுப்ப வரிசை நிற்கும். உலகின் மிக விலையுயர்ந்த நிலப்பகுதிகளில் ஒன்று, வாரம் ஒருநாள் பிலிப்பின்ஸின் ஒரு சிற்றூராக மாறிவிடும்.

"கூடிக் களிப்பது அவர்கள் பண்பாடு" என்று என் அலுவலக நண்பர்கள் விளக்குவார்கள். முதலில் நானும் அப்படியே நம்பினேன். "உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவீர்கள்?" என்று ஆத்தேயிடம் கேட்டேன். "வீட்டில்தான். வேறெங்கே?" என்றார்.

இங்கே அவருக்கு வீடு இல்லை என்பதல்ல. இருக்கக் கூடாது என்பது விதி. 2003 ஏப்ரல் முதல், அயல்நாட்டு வீட்டுப் பணியாளர்கள் முதலாளியின் வீட்டிலேயே தங்கியாக வேண்டும். பல வீடுகள் ஐந்நூறு சதுர அடிக்குள் அடங்குபவை. குழந்தையின் அறையிலோ, கூடத்தில் மடக்குக் கட்டிலிலோ படுக்கை. இந்தக் கட்டாயத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 2018ஆம் ஆண்டிலும், மேல்முறையீட்டில் 2020ஆம் ஆண்டிலும் தோற்றது. ஏழு நாள்களில் ஒருநாள் முழு ஓய்வு தரவேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டம். அந்த நாளைக் கழிக்கத் தனக்கென ஓர் அறை இருக்கக் கூடாது என்கிறது குடியேற்ற விதி. இரண்டு விதிகளுக்கும் நடுவே எஞ்சியிருப்பது தெருதான். பயணிகள் படமெடுத்துச் செல்லும் அந்தப் 'பண்பாட்டுக் காட்சி', உண்மையில் ஒரு சட்டத்தின் நிழல்.

பதினான்கு நாள்கள்

அந்த நகரில் அயல்நாட்டு வீட்டுப் பணியாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிக்கும் மேலானோர் பிலிப்பின்ஸ் நாட்டினர்; எஞ்சியோரில் பெரும்பாலோர் இந்தோனேசியர். குழந்தைகளை வளர்ப்பதும் முதியோரைப் பேணுவதும் இவர்களே. உள்ளூர்ப் பெண்கள் வேலைக்குச் செல்ல முடிவதற்கு இவர்கள் ஒரு முதன்மைக் காரணம். ஆயினும் 2011இல் நடைமுறைக்கு வந்த மணிநேரக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுக்கெனத் தனி மாத ஊதியம். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து அது 5,100 ஹாங்காங் டாலர். ஆத்தே வந்த மறு ஆண்டே, பொருளாதார நெருக்கடியைக் காரணம்காட்டி 3,670 டாலராக இருந்த இந்த ஊதியம் 3,270 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த 400 டாலர் குறைப்பை அவர் இருபது ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை.

ஊதியத்தைவிடக் கடுமையானது 1987இல் வந்த 'இரு வார விதி'. ஒப்பந்தம் முறிந்தால் பதினான்கு நாள்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். முதலாளி இறந்தாலோ, வெளிநாடு சென்றாலோ, பணியாளர் கொடுமைக்கு ஆளானதற்குச் சான்றிருந்தாலோ தவிர, வேறு வேலைக்கு அங்கிருந்தபடியே மாறுவது அரிது. ஊருக்குத் திரும்பி, மீண்டும் முகவர், மீண்டும் மருத்துவப் பரிசோதனை, மீண்டும் விசா. பிலிப்பின்ஸ் அரசு 2006 முதல் வீட்டுப் பணியாளர்களிடம் வேலைக்கான கட்டணம் வசூலிக்கத் தடை விதித்திருந்தாலும், பயிற்சி, ஆவணம் என்ற பெயர்களில் கடன் ஏறிவிடுகிறது. இந்த நிலையில் இருப்பவர் மீது சுடுசொல் விழுந்தால் என்ன செய்வார்? பொறுத்துக்கொள்வார், புன்னகைப்பார். "பிலிப்பின்ஸ் பெண்கள் எப்போதும் சிரித்த முகத்துடன் இருப்பார்கள்" என்பதையும் நாம் பண்பாட்டுக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

என் மேலாளரும் ஒருமுறை என் தலையசைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு முக்கிய வேலையை நான் மறுத்துவிட்டதாக எண்ணினார். மறுநாள் விளக்கினேன், தேநீருடன் முடிந்தது. ஒருவேளை வேலை போயிருந்தாலும், விசாக் காலம் முடியும்வரை அந்நகரில் தங்கி வேறு வேலை தேடியிருப்பேன். ஒரே மாடியில் வசித்த இரு அயல்நாட்டவருக்கு இரண்டு சட்டங்கள். என்னைப் போன்றோரைக் குறிக்க அங்கே 'எக்ஸ்பாட்' என்ற சொல் உண்டு. அவரை அரசு ஆவணங்கள் 'உதவியாளர்' என்கின்றன. வேலை என்று ஏற்றால் தொழிலாளி என்று சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா?

ஏழு ஆண்டுகளும் இருபத்திரண்டு ஆண்டுகளும்

ஹாங்காங் அடிப்படைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஏழு ஆண்டுகள் 'வழக்கமாக வசித்த' அயல்நாட்டவர் நிரந்தர வசிப்புரிமை பெறலாம். ஏழாம் ஆண்டு முடிந்ததும் விண்ணப்பித்தேன், கிடைத்தது. அட்டையை ஆத்தேயிடம் காட்டினேன். அப்போது அவர் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கன்டனீஸ் மொழியைச் சந்தைக்காரர்களே பாராட்டும் அளவுக்குப் பேசுவார். எனக்கோ காய்கறி வாங்கும் அளவுக்குக்கூட வராது. அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாழ்த்துகள், குயா" என்றார். காட்டியிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுப் பணியாளராக வாழ்ந்த காலத்தை 'வழக்கமான வசிப்பு' எனக் கணக்கிடக் கூடாது என்கிறது குடியேற்றச் சட்டம். 1986இல் ஹாங்காங் வந்த எவாஞ்சலின் பனாவ் வலெஹோஸ் என்ற பிலிப்பின்ஸ் பணியாளர் இதை எதிர்த்து வழக்காடினார். 2011 செப்டம்பரில் கீழமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் அது மாறியது. 2013 மார்ச் 25 அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர் கோரிக்கையை நிராகரித்தனர். குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலைக்காக, ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் வந்தவர்களின் வசிப்பு வழக்கமான வசிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹாங்காங் மிகச் சிறிய நிலப்பரப்பு. வீட்டு வசதியும் மருத்துவமனைகளும் ஏற்கெனவே திணறுகின்றன. மூன்றரை லட்சம் பேரும் அவர்களுடைய குடும்பத்தினரும் நிரந்தரமாகத் தங்கினால் தாங்குமா என்ற கேள்வி பொருளற்றதன்று. நிபந்தனைகளை அறிந்தேதான் அவர்கள் கையெழுத்திடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால், வசிப்புரிமை தர இயலாது என்பதிலிருந்து, தனி அறை கூடாது, வேறு வேலை தேட இரு வாரங்களுக்கு மேல் கூடாது என்ற முடிவுகளுக்கு எப்படிச் செல்வது? இவற்றை மாற்ற அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கனடா தன் பராமரிப்பாளர் திட்டத்தில் இரண்டு ஆண்டுப் பணிக்குப் பின் நிரந்தரக் குடியுரிமைக்கு வழிவகுத்தது. 2014இல் வீட்டோடு தங்கும் கட்டாயத்தையும் நீக்கியது. சிங்கப்பூரில் 2013 வரை வார ஓய்வே சட்டப்படியான உரிமையாக இருக்கவில்லை. இன்று மாதத்தில் ஒருநாள் ஓய்வையேனும் பணம் கொடுத்துப் பறிக்க முடியாது. சட்டம் மாறக்கூடியதே.

வெறும் நல்லெண்ணம் போதாது என்பதற்குக் கரோனா காலம் சான்று. 2021 ஏப்ரல் இறுதியில், ஒரு சில தொற்றுகளைக் காரணமாக்கி, அயல்நாட்டு வீட்டுப் பணியாளர்கள் அனைவருக்கும் கட்டாயப் பரிசோதனையை ஹாங்காங் அரசு அறிவித்தது. அதே வீட்டில் வாழ்ந்த முதலாளிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விசா புதுப்பிக்கத் தடுப்பூசியும் கட்டாயம் என்ற திட்டம், கடும் எதிர்ப்புக்குப் பிறகே கைவிடப்பட்டது. 2025 நவம்பர் 26 அன்று தைபோ பகுதியின் வாங் ஃபுக் குடியிருப்பில் நிகழ்ந்த தீ விபத்தில் 150க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தோனேசிய, பிலிப்பின்ஸ் வீட்டுப் பணியாளர்களும் அவர்களில் அடக்கம். வசிப்பவர் பட்டியலில் இடம்பெறாதவர்கள், இறந்தோர் பட்டியலில் மற்ற குடியிருப்போருடன் சேர்ந்து இடம்பெற்றார்கள்.

அனுப்பும் நாடும் நாமும்

பொறுப்பு ஹாங்காங்குடையது மட்டுமன்று. 1974இல் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்திலிருந்து, மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவது பிலிப்பின்ஸின் அரசுக் கொள்கையாகவே ஆகிவிட்டது. 1988இல் ஹாங்காங் வந்த அதிபர் கொராசோன் அக்கினோ, வீட்டுப் பணியாளர்களை 'புதிய வீரர்கள்' என்று புகழ்ந்தார். 2024இல் வெளிநாடுவாழ் பிலிப்பின்ஸ் மக்கள் வங்கிகள் வழியாக மட்டும் சுமார் 3,449 கோடி அமெரிக்க டாலர் அனுப்பினார்கள். நாட்டின் உற்பத்தி மதிப்பில் அது ஏறத்தாழ 8%. வீரர் என்ற பட்டம், அவர்கள் திரும்பி வந்து வாழத்தக்க ஊரை உருவாக்கும் கடமையிலிருந்து அரசைத் தப்பவைத்துவிட்டது. ஆத்தேயின் மகன்கள் இருவரும் பாட்டியிடம் வளர்ந்தவர்கள். ஆண்டுதோறும் பற்பசை, காலணி, டப்பா இறைச்சி, சாக்லேட் என ஒரு பெரிய அட்டைப்பெட்டியை நிரப்பி அவர்களுக்குக் கப்பலில் அனுப்புவார். 'பாலிக்பாயன் பெட்டி' என்று அதற்குப் பெயர். மகன்களின் காலணி அளவை மட்டும் அவர் ஒவ்வோர் ஆண்டும் தொலைபேசியில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எனினும் பிலிப்பின்ஸிடம் நாம் கற்க வேண்டியவையும் உண்டு. 1995இல் சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது எழுந்த மக்கள் கொந்தளிப்பு, அதே ஆண்டில் புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தைப் பெற்றுத் தந்தது. இன்று அவர்களுக்கெனத் தனி அமைச்சகமே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்தபடியே வாக்களிக்கும் உரிமை 2003 முதல் சட்டத்தில் உள்ளது. இந்தியர்களாகிய நமக்கோ, வாக்களிக்க இன்றும் ஊருக்கு நேரில் வந்தாக வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையைப் பிலிப்பின்ஸ் 2012இல் ஏற்று, மறு ஆண்டே உள்நாட்டு வீட்டுப் பணியாளர்களுக்கும் தனிச் சட்டம் இயற்றியது. 2011இல் அவ்வுடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா, இதுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2024 ஜூன் மாதம் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் விடுதி எரிந்தபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதே கட்டடத்தில் இறந்தவர்களில் 3 பேர் பிலிப்பின்ஸ் நாட்டினர்.

2024ஆம் ஆண்டு, பக்கத்து வீட்டுக் குடும்பம் பிரிட்டனுக்குக் குடிபெயர முடிவு செய்தது. நல்ல மனிதர்கள். சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு தந்தார்கள். நீண்டகாலப் பணிக்கான தொகையை முழுமையாகக் கொடுத்தார்கள். அவர்கள் வளர்த்த பெண்குழந்தை ஆத்தேயைக் கட்டிக்கொண்டு அழுதது. யார் மீதும் குற்றம் சொல்ல இயலாத அந்தப் பிரிவில்தான் சட்டத்தின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஐம்பதைக் கடந்தவரை எந்த வீட்டாரும் புதிதாக எடுக்க முன்வரவில்லை. பதினான்கு நாள்களில் தவணை முடிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த நகரத்திலிருந்து இரண்டு பெட்டிகளுடன் அவர் விமானம் ஏறினார். அதே ஆண்டு நானும் சென்னை திரும்பினேன். நான் விரும்பினால், நாளையே ஹாங்காங் சென்று வேலை தேட என் அட்டை போதும். அந்நகரை என்னைவிட நன்கு அறிந்த ஒருவர் சுற்றுலாப் பயணியாகத்தான் அங்கே செல்ல முடியும்.

சென்னையில் எங்கள் அடுக்ககத்திலும் காலை ஏழு மணிக்கு லிஃப்டில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களைச் சந்திக்கிறேன். ஊதியம், ஓய்வுநாள், வேலையிழப்புக்கு முன்னறிவிப்பு என எதுவும் எழுத்தில் இல்லாத வேலை அவர்களுடையது. ஹாங்காங்கைக் குறைசொல்ல எனக்கு இருக்கும் தகுதி எவ்வளவு என்ற கேள்வியுடன்தான் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு மூடுகிறது.